பாட்டில்காரர் வீட்டு ஆறு

நகரத்து ஆறு தன் இடத்தை விட்டுவிட்டுப் பாட்டில்காரர் வீட்டுச் சமையலறைக் குழாய்க்குக் குடிவந்தது ஒரு திங்கட்கிழமை, பொழுது விடிகிற நேரத்தில். அன்று முதல் ஊருக்கு நடுவே ஆற்றுப்படுகை காய்ந்து கிடந்தது. முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. ஆற்றைப் பார்க்கிற வழக்கம் எங்கள் ஊரில் எவருக்கும் கிடையாது. பஸ் பாலத்தில் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்புவார்கள். திருப்பின பக்கமும் ஆறுதான் என்பதால் கடைசியில் கண்ணை மூடிக்கொள்வார்கள். இரண்டாம் நாள் ஒரு கண்டக்டர், டிக்கெட் கிழிக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால், பாலத்தின் நடுவில் மூக்கை விட்டார். நாற்றம் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஆறும் இல்லை. விஷயம் ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஆறு ஏன் குறிப்பாக அந்த வீட்டுக்குப் போனது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாட்டில்காரர் என்று ஊர் அழைத்த அந்த மனிதர், ஆற்று நீரைச் சோதிக்கும் அலுவலகத்தில் மாதிரி எடுக்கிறவர். மாதம் ஒருமுறை பாலத்தடிப் படிக்கட்டில் இறங்கி, கயிற்றில் பாட்டிலைக் கட்டி விட்டு, நிரப்பி, மூடி, சீட்டு ஒட்டிச் சோதனைக்கூடத்தில் கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் மாதம் மட்டும் ஒழுங்காக இறங்கினார். படியிலேயே வாந்தி எடுத்தார். கயிறு ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு, இழுத்தபோது அந்த ஏதோ ஒன்றும் கூடவே வந்தது. அது என்னவென்று அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து பாட்டிலை வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்தார். ஆறு என்றால் கொஞ்சமாவது கலங்கல் இருக்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு மனசாட்சி இருந்ததால், பூத்தொட்டி மண் ஒரு சிட்டிகையும் டீத் தண்ணீர் சில சொட்டும் சேர்ப்பார். சோதனை முடிவுகள் வருடத்துக்கு வருடம் பிரமாதமாக வந்தன. இத்தனை காலமும் ஆறு என்று அலுவலகம் பதிவு செய்த ஒவ்வொரு சொட்டும் அந்தக் குழாயில்தான் பிடிக்கப்பட்டிருந்தது. ஆறு அங்கேயே போய்ச் சேர்ந்தது. அதன்மேல் குற்றம் சொல்ல வழியில்லை.

ஆற்றைச் சுத்தம் செய்ய யாரும் முயலவில்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. முயற்சிக்கு எங்கள் ஊரில் என்றுமே பஞ்சமில்லை. முதலில் இரு கரையிலும் உயரமாகச் சுவர் எழுப்பி, சுவரில் மீன் படம் வரைந்தார்கள். ஆற்றில் உயிரோடு மீனைப் பார்த்த ஞாபகம் யாருக்கும் இல்லாததால் ஓவியர் எல்லா மீனுக்கும் கண் இமை வைத்துவிட்டார். அப்புறம் அழுக்கை உறிஞ்சும் என்று சொல்லி ஒரு செடியை மிதக்க விட்டார்கள். அது ஆற்றைத் தொட்ட இடத்திலிருந்து கருகிக்கொண்டே மேலே வந்தது. அடுத்து ஒரு பெரிய இயந்திரத்தை இறக்கினார்கள். குப்பையை அள்ள வந்த இயந்திரம் இரண்டாம் நாளே மூழ்கி, தானும் குப்பையாகி, அடுத்த திட்டத்தில் அள்ள வேண்டியவற்றோடு சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, நல்ல கிருமிகள் அடங்கிய மண் உருண்டைகளை வீசச் சொன்னார்கள். பிள்ளைகள் உருண்டையை வீசினார்கள், உருண்டை வந்த பாலிதீன் பையையும் வீசினார்கள். பெரிய மனிதர்கள் யாராவது வரும் நாளில் பாலத்தின் மேலிருந்து பீப்பாய் பீப்பாயாக வாசனைத் திரவம் ஊற்றுவார்கள். மலத்தில் மல்லிகை வாசம் வீசுவதை முகர்ந்தவர்களுக்குத்தான் தெரியும், வெறும் மலமே தேவலாம் என்று.

குடிவந்த அன்று முதலில் வந்தது நல்ல தண்ணீர்தான். பாட்டில்காரரின் மனைவி டீ போட்டாள். குடித்துவிட்டு, "இன்னைக்கு என்னங்க, தண்ணி இவ்ளோ ருசியா இருக்கு?" என்றாள். டம்ளரைக் கழுவுவதற்குள் குழாய் ஒருமுறை செருமியது. பிறகு கறுப்பாக, கொழகொழவென்று, ஒரு முழு நகரத்தின் வயிறு கலங்கியது போல வந்தது. குழாயைத் திருகினாள், நிற்கவில்லை. தொட்டி நிரம்பி, தரையில் இறங்கி, கூடத்தைக் குறுக்கே கடந்து, அவளுடைய தையல் மெஷினின் கால்களை நனைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், அங்கிருந்த ஓட்டை வழியாகக் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று தெரியாது. ஓட்டைக்குள் போனது எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கமும் எங்கள் ஊரில் இல்லை.

பிளம்பர் வந்தார். மாடித் தொட்டியின் வால்வை மூடினார், தண்ணீர் நிற்கவில்லை. குழாயையே கழற்றினார், சுவரிலிருந்து வந்தது. விரலில் ஒரு சொட்டு எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, கையைத் தன் சட்டையில் துடைப்பதா அவர்கள் சுவரில் துடைப்பதா என்று கொஞ்சம் யோசித்துச் சுவரில் துடைத்தார்.

"சார், இது லீக்கு இல்ல. இது ஆறு. ஆத்துக்கெல்லாம் என்கிட்ட வாஷர் கிடையாது" என்றார். குழாயை மறுபடி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று.

அரை அங்குலக் குழாயில் ஓர் ஆறு எப்படி வரும் என்று கேட்டவர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு நாள் செத்த ஆடு ஒன்று முழுசாக வந்தது. குழாய் அதற்குத் தக்கபடி விரிந்து கொடுத்து, ஆடு வெளியே வந்ததும் பழையபடி சுருங்கியது. பஞ்சு மெத்தை வந்தது, பாதி நாற்காலி வந்தது, மூழ்கிய இயந்திரத்தின் ஒரு சக்கரம் வந்தது. நாளாக நாளாக அவளுக்கு அதன் கணக்குப் பிடிபட்டது. ஆற்றின் நீளம் முழுவதும் ஒரு நாளின் நீளமாகியிருந்தது. விடியும்போது வருவது மலையில் இருக்கும் ஊற்று. இரண்டு பாறைக்கு நடுவே, கைக்குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதிரி மெல்லிசாகப் பிறக்கிறதே, அந்தத் தண்ணீர். இலை வாசனையோடும் சில சமயம் ஒரு பொடிக் கூழாங்கல்லோடும் வரும். வெயில் ஏறத் தொடங்கினால் மலையடிவார பஸ் நிலையத்தின் கழிப்பறை வந்துவிடும். அதன் பின்னால் சாயப்பட்டறைகள், ஒரு நாள் நீலமாக, ஒரு நாள் ரத்தச் சிவப்பாக. பட்டறைக்காரர்கள் அங்கே குழாயைத் திறந்தால், கழிவு படுகையில் விழுவதற்கு முன்பே அந்தரத்தில் மறைந்து இங்கே வந்து கொட்டியது. அவர்கள் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார்கள். மதியம் ஆஸ்பத்திரி, பஞ்சும் கட்டுத்துணியும் சீழுமாக. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டி. சாயங்காலம் வந்தது நாங்கள். குளித்து, கழுவி, துப்பி, கழிந்து, சங்கிலியை இழுத்துவிட்டு மறந்துபோன நாங்கள் எல்லோரும் அந்தப் பெண்ணின் கூடத்தில் ராத்திரி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தோம்.

அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். வெள்ளைச் சட்டைகள். மெஷினை மேஜை மேல் ஏற்றினாள், துணியைக் கொடியில் உயரக் கட்டினாள், கதவுக்கும் ஜன்னலுக்கும் திரை போட்டாள். ஒன்றும் எடுபடவில்லை. சட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிள்ளைகள் காலையில் நன்றாகத்தான் போகிறார்கள், மதியம் ஆனால் வகுப்பு முழுக்க ஆட்டுத்தொட்டி நாறுகிறது, வாத்தியார் பாடம் நடத்த முடியாமல் வெளியே போய் நிற்கிறார் என்றார்கள். அவள் வாதாடவில்லை. விடிகாலைத் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து, சட்டைகளை அதில் மட்டுமே அலசிப் பார்த்தாள். அப்படி அலசியவை மட்டும் நாறவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நாள் என்பது அந்த ஒரு பொழுதுதான். இருக்கிற பாத்திரம் அத்தனையிலும் பிடித்து வைப்பாள். அதில் சமைத்தார்கள், அதில் குளித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதும் அப்போதுதான். மற்ற நேரமெல்லாம் வாயைத் திறந்தால் குமட்டிக்கொண்டு வந்தது.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் சொன்னாள்: "ஏங்க, ஆபீஸ்ல போய் உண்மையைச் சொல்லிடுங்க. ஆத்துல புடிக்கல, என் வீட்டுக் குழாய்லதான் புடிச்சேன்னு. அது தன் இடத்துக்குத் தானா போயிடும். இல்லேன்னா நான் இங்க இருக்க முடியாதுங்க. சத்தியமா முடியாது."

அவருக்குக் கிலி பிடித்துக்கொண்டது. வேலை போகும், மானம் போகும், பழைய சோதனைகளைத் தோண்டினால் எது எதுவெல்லாமோ போகும். ஆனால் அவள் போய்விடுவாள் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தின் அதிகாரியைப் போய்ப் பார்த்தார். குளிரூட்டிய அறை, மேஜை மேல் கண்ணாடித் தொட்டியில் கலர் மீன்கள். எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டார்.

"இதைச் சொல்லத்தான் இவ்ளோ வேர்த்தியா? எனக்குத் தெரியும்யா. அந்த நாத்தத்துல எவன் போய்ப் புடிப்பான்? உனக்கு முன்னாடி இருந்தவரு அவங்க மாமியார் வீட்டுக் கிணத்துல புடிப்பாரு. அது இன்னும் நல்லா இருக்கும்."

"சார், அப்ப ஆறு..."

"ஆறு எங்க இருக்கணும்? படுகைல. படுகைல இப்ப ஒரு சொட்டு அழுக்கு இருக்கா, சொல்லு. தண்ணியே இல்லையே! இதைவிடச் சுத்தமா எந்த ஊர்ல ஆறு இருக்கு? உங்க வீட்டுத் தண்ணி உங்க வீட்டுப் பிரச்சனை. நல்ல பிளம்பரா பாரு. அடுத்த மாசம் ஆறு சுத்தமானதுக்கு விழா இருக்கு, மேடைல உனக்கும் இடம் போட்டிருக்கேன், நல்ல சட்டையா போட்டுட்டு வா."

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. குழாயில் அப்போது சிவப்புச் சாயம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டு, மூடிய அறைக்குள் சொன்னால் ஆற்றுக்கு எப்படிக் கேட்கும், ஊருக்குக் கேட்கிற மாதிரி விழா மேடையில் சொல்லுங்கள் என்றாள். அவர் சரி என்றார். அவள் அதை நம்பினாள். கூடத்தில் சிவப்பில் கால் நனைத்தபடி அன்று அவள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மெஷினில் தைத்ததாக மாடிவீட்டு அக்கா பின்னால் சொன்னார்.

விழா காய்ந்த படுகையிலேயே நடந்தது. மண்ணைச் சமப்படுத்தி, நாற்காலி போட்டு, நடுவில் ஒரு செயற்கை நீரூற்று வைத்திருந்தார்கள். அதற்குத் தண்ணீர் லாரியில் வந்தது. ஊரே திரண்டு வந்து, மூக்கைப் பொத்தாமல் நிற்க முடிவதைப் பற்றி ஒருவருக்கொருவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டது. பாட்டில்காரரின் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மதிய நேரம். அவள் துணியிலும் தலைமுடியிலும் ஆட்டுத்தொட்டி ஏறியிருந்தது. முதலில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள், பிறகு முன்னால் இருந்தவர்கள், பிறகு பின்னால். கடைசியில் அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலி நாற்காலியாக இருந்தது. சுத்தமான ஆற்றைக் கொண்டாட வந்த இடத்தில் எப்படித்தான் இப்படி வருகிறார்களோ என்று ஒரு அம்மா சத்தமாகவே சொன்னார். அவள் நகரவில்லை. மேடையில் பாட்டில்காரரை அழைத்தார்கள், வருடக்கணக்காக ஆற்றின் முன்னேற்றத்தைத் தன் கையால் அள்ளிக் காட்டியவர் என்று சொல்லி, கண்ணாடியில் செய்த ஒரு நீர்த்துளியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதிகாரி மைக்கை அவர் கையில் திணித்தார். அவர் அந்தக் காலி வட்டத்தைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள், அவருக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று.

"எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகும் அவள் போகவில்லை. ஒரு மாதம் பேசவில்லை, அவ்வளவுதான். விடிகாலைத் தண்ணீரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஏனென்றால் இதற்குள் வேறொரு கூத்து தொடங்கியிருந்தது. படுகைக்குக் காவலாள் போட்டதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை ஓடவில்லை. தெருவுக்குத் தெரு குப்பைத்தொட்டி இருக்கத்தான் செய்தது. ஆனால் தொட்டியில் போட்டால் அது அங்கேயே இருக்கும், நம்மைப் பார்த்துக்கொண்டு. ஆற்றில் போட்டால்தானே போட்ட மாதிரி இருக்கும். போட்டதும் நகரும், நகர்ந்ததும் மறக்கலாம். முதலில் மாடிவீட்டு அக்காதான் முடிச்சுப் போட்ட பையோடு வந்து கதவைத் தட்டினார்.

"தப்பா நினைக்காதம்மா. எப்பவும் ஆத்துல போடுறதுதானே? அது எங்க இருந்தா என்ன?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து சமையலறையில் போட்டுவிட்டு, அது கூடத்தைத் தாண்டிக் குளியலறைக்குள் மறையும் வரை நின்று பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். மறுநாள் பக்கத்து வீடு. அதற்கடுத்த நாள் பக்கத்துத் தெரு. ஒரு மாதத்தில் மாடிப்படி நெடுக வரிசை நின்றது. குழந்தையின் துணியோடு தாய்மார்கள், நேற்றைய சோற்றோடு ஹோட்டல்காரர்கள், அலசாத வாளியோடு ஒரு பெரியவர், காரில் வந்தவர்கள், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். வந்தவர்கள் ஒருவர் விடாமல் இந்த வீடு ஏன் இப்படி நாறுகிறது என்று கேட்டார்கள். பாட்டில்காரர் யாரையும் தடுக்கவில்லை. தெரிந்த முகங்களாக இருந்தன, முகத்தில் அடித்த மாதிரி எப்படிச் சொல்வது என்றார். அவள்தான் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்னால் வாசலில் போய் நின்றாள். வெயில் ஏறுகிற வரை ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது, அப்புறம் எதையாவது கொட்டித் தொலையுங்கள் என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவர்களும் பயந்தார்கள். அந்த ஒரு பொழுதுக்கு ஆறு ஆறாகவே ஓடியது. அவள் கோபமும் மெல்ல ஆறி, புருஷனோடு மறுபடி ஒன்றிரண்டு பேச ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு நாள். வெளிக்கதவைத் தாழிட்டுவிட்டு அவள் சமையலறையில் இரண்டாவது குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி, குடத்தின் அடி தெரிகிற மாதிரி. ஒரு சின்ன இலை சுற்றிச் சுற்றி வந்தது, அதை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவர் வந்தார். அவள் தம்பிக்கு இடமாற்றம் கிடைக்குமா என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கையில் முந்தின நாள் வீட்டுக் குப்பை: காய்கறித் தோலும் டீத்தூளும் சவரம் செய்த பிளேடும் போட்டு வாயைக் கட்டிய ஒரு பாலிதீன் பை. பேச்சை நிறுத்தாமல், அவளைத் தாண்டிக் கையை நீட்டி, அந்தத் தண்ணீரில் போட்டார். பை ஒரு முறை மூழ்கி எழுந்து, அவள் மணிக்கட்டில் இடித்துவிட்டுக் கூடத்துப் பக்கம் போனது. பெரிய அதிகாரியைப் பிடித்தால் தம்பிக்குக் கிடைத்துவிடும் என்று அவர் முடித்தார். அவள் குழாயடியிலிருந்து எழுந்தாள். குடத்தை அங்கேயே விட்டாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட, படியிறங்கித் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

சில நாள் பொறுத்து அவர் அங்கே போனார். தங்கச்சி வீட்டில் அவரை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் ஒரு நாற்காலி போட்டு, அதைக் கொஞ்சம் தள்ளியும் போட்டார்கள். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் வந்து கதவோரம் நின்றாள். அவர் அழுதுவிட்டார். இப்போதே போய் ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், வேலை போனால் போகட்டும், நீ வா என்றார். அவர் அதைச் செய்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

"மைக்ல சொல்லாததுக்காக நான் வீட்டை விட்டு வரலைங்க" என்றாள் அவள். "பயந்துட்டீங்க, சரி, யாருக்குத்தான் பயம் இல்ல? அதை நான் அன்னைக்கே விட்டுட்டேன். அந்தப் பையைப் போட்டீங்களே. நல்ல தண்ணியில, என் கண்ணு முன்னாடி. பேச்சைக்கூட நிறுத்தலையே நீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"எந்தப் பை?" என்றார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மெஷின் சத்தம் மறுபடி கேட்கும் வரை அவர் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். மாடிப்படியில் ஆட்கள் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், கதவைத் திறந்துவிட்டார்.

வருடங்கள் ஆகிவிட்டன. படுகையில் இப்போது பூங்கா இருக்கிறது, சாயங்காலம் குடும்பம் குடும்பமாகப் போய்க் காற்று வாங்குகிறோம். ஆற்றுக்குப் போகிற பஸ் பாட்டில்காரர் வீட்டு வாசலில் நிற்கிறது. வாசலில் கத்தரிக்கோலோடு நிற்க ஆளில்லாததால் விடிவதற்கு முன்பே வரிசை தொடங்கிவிடுகிறது, ஊற்றுத் தண்ணீர் குழாயை விட்டு வெளியே வரும்போதே பைகளும் விழ ஆரம்பித்துவிடுகின்றன. அவர் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. வீடு அசிங்கமாகாமல் இருக்க, செருப்பை மட்டும் வெளியே கழற்றிவிட்டு வரச் சொல்கிறார். எல்லோரும் மறக்காமல் கழற்றிவிட்டுத்தான் போகிறோம்.